வீட்டுக்குப் பூகம்ப இன்ஷூரன்ஸ் வேண்டுமா?

(உழவர்களுக்கான வானொலிப் பேச்சு)



வழக்கமாக உங்களோடு விதை, உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசுகிறவன் நான். இன்றைக்கு நெல்லும் இல்லை, கடலையும் இல்லை. நாம் படுத்து எழுந்திருக்கிற வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

பயிருக்கு இன்ஷூரன்ஸ் செய்கிறோம். கறவை மாட்டுக்குச் செய்கிறோம். மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயம், செய்தே தீர வேண்டும். வீட்டுக்கு? கிராமக் கூட்டங்களில் கேட்டால் கை தூக்குகிறவர்கள் ஒருவர், இருவர்தான். அதிலும் பூகம்பம் என்று சொன்னால், "சார், நம்ம ஊர்ல எந்தக் காலத்துல பூமி ஆடுச்சு? ஆடாத பூமிக்கு எதுக்குப் பணம் கட்டணும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். கையில் இருக்கிற பணம் கொஞ்சம். அதைக் கேட்கிற வாய்கள் பல. ஆகவே, கட்டுங்கள் என்றோ, கட்டாதீர்கள் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்ய என்னென்ன தெரிய வேண்டுமோ, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம் பூமியைப் பற்றி. தமிழ்நாடு இமயமலை அடிவாரத்தைப் போல அடிக்கடி ஆடுகிற பூமி இல்லை. ஆனால் ஆடவே ஆடாத பூமியும் இல்லை. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு பூகம்பம் வந்தது. அதன் அளவு சுமார் 6 இருக்கும் என்று நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். 2001 செப்டம்பர் 25-ஆம் தேதி புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் சுமார் 5.5 அளவில் ஒன்று வந்தது. புதுச்சேரி, கடலூர், சென்னை வரைக்கும் மக்கள் அதிர்ச்சியை உணர்ந்தார்கள். 2002-ல் வெளியான நில அதிர்ச்சி வரைபடத்தில் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஐந்து என்பது அதிக ஆபத்து. அந்தப் படத்தில் சென்னை, கோவை போன்ற பகுதிகள் மூன்றிலும், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் இரண்டிலும் இருந்தன.

"இரண்டுதானே, கவலை இல்லை" என்று எழுந்து போய்விடாதீர்கள். மகாராஷ்டிர மாநிலத்தில் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்று ஒரு கிராமம். சோளமும் துவரையும் பயிர் செய்கிற, நம்மைப் போன்ற விவசாயிகள் வாழ்கிற பகுதி. அன்றைய வரைபடத்தில் அந்த இடம் ஒன்றாம் மண்டலம். அதாவது, ஆபத்து மிகவும் குறைவு என்று வைத்திருந்த இடம். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி, விடிய இன்னும் நேரம் இருக்கும்போது, பிள்ளையார் ஊர்வலம் முடிந்து எல்லாரும் அசந்து தூங்குகிற வேளையில், சுமார் 6.2 அளவில் பூமி ஆடியது. கில்லாரியிலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் எட்டாயிரம் பேர் அளவுக்கு மாண்டு போனார்கள்.

ஏன் அவ்வளவு பேர்? அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பூகம்பங்கள் பல வேறு நாடுகளில் வந்தும், அவற்றில் இவ்வளவு உயிர் போனதில்லை. கில்லாரியில் வீட்டுச் சுவர்கள் உருட்டுக் கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டியவை. இரண்டு அடிக்கும் மேல் தடிமன். மேலே மரச் சட்டம் போட்டு, பலகை பரப்பி, வெயில் தாங்குவதற்காக முழக் கணக்கில் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். சுவரின் உள்முகக் கல்லுக்கும் வெளிமுகக் கல்லுக்கும் பிடிப்பு இல்லை. பூமி ஆடியதும் சுவர் இரண்டாகப் பிரிந்தது. கூரை மண் அத்தனையும் தூங்குகிறவர்கள் மேல் இறங்கியது. ஆளைக் கொன்றது பூகம்பம் அல்ல, வீடுதான்.

ஆகையால் நான் சொல்லும் முதல் சொல் இதுதான்: முதல் பணம் சுவருக்கு, அடுத்த பணம் இன்ஷூரன்ஸுக்கு. பாலிசிக் காகிதம் சுவரைத் தாங்கிப் பிடிக்காது. அது பிற்பாடு பணம் கொடுக்கும். போன உயிரைக் கொடுக்காது.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கொத்தனாரிடம் அஸ்திவார மட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒன்று என்று கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கயிறு கட்டினது போல அது நாலு சுவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டால் அந்தப் பலன் இல்லை. கதவையும் ஜன்னலையும் சுவர் மூலைக்கு ஒட்டி வைக்காதீர்கள். இரண்டடியாவது தள்ளி வையுங்கள். கல் சுவர் என்றால், உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி நீளக் கற்களை இடையிடையே குறுக்கே வைக்க வேண்டும். மூலைகளில் செங்கல் வரிசை ஒன்றுக்குள் ஒன்று மாறி மாறிக் கோத்து வர வேண்டும். கட்டும்போது செய்தால் மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். கட்டி முடித்த பிறகு செய்வது கடினம். செலவும் பல மடங்கு. பழைய வீடு என்றால், ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி யோசனை கேளுங்கள்.

இனி இன்ஷூரன்ஸுக்கு வருவோம்.

ஜப்பானிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வீட்டுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் எடுத்தால் அதில் பூகம்பம் சேராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்லி, "பூகம்பத்துக்குத் தனி இன்ஷூரன்ஸாம்" என்று நம்மிலும் சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. தீ விபத்துப் பாலிசி எடுத்து, அதோடு பூகம்பத்துக்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டியிருந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வீடுகளுக்கென்று பொதுவான ஒரு பாலிசியை வகுத்தது. அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், சுனாமி, பூகம்பம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பூகம்பத்துக்குத் தனிக் கட்டணம் என்று எடுக்க வேண்டியதில்லை.

இப்போது கேள்வியே மாறிவிட்டது, பார்த்தீர்களா? "ஆடாத பூமிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்பது இனிக் கேள்வி இல்லை. "என் வீட்டுக்கு எந்த ஆபத்தும் வராதா?" என்பதுதான் கேள்வி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது, தென்னையோடு சேர்ந்து எத்தனை வீடுகளின் ஓடும் கூரையும் போயின என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூமி ஆடியது சுமத்ரா தீவுப் பக்கத்தில். அலை வந்து அடித்தது நம் கரையில். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூகம்பம் நம் ஊரில் வந்தால்தான் நமக்கு நஷ்டம் என்று இல்லை என்பதை அந்த ஒரு நாளே காட்டிவிட்டது.

சரி, எடுக்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: வீடு விழுந்தால் கைப்பணத்தில் திரும்பக் கட்ட முடியுமா? பம்ப் செட்டு மோட்டார் எரிந்தால் சிரமப்பட்டாவது சுற்றிப் போட்டுவிடுவோம். அந்த மாதிரிச் சிறு நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் தேடி அலைய வேண்டாம். தாங்க முடியாத நஷ்டத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ். ஓர் ஓட்டு வீடோ காரை வீடோ இடிந்து போனால் நம்மில் பலர் என்ன செய்வோம்? முதலில் நகை அடகுக்குப் போகும். அடுத்து மாடு சந்தைக்குப் போகும். கடைசியில் அரை ஏக்கர் நிலம் கிரயத்துக்குப் போகும். வீட்டை எழுப்பினோம், சோறு போட்ட வயலை விட்டோம் என்று ஆகிவிடும். ஆக, வீட்டு இன்ஷூரன்ஸ் என்பது உண்மையில் உங்கள் நிலத்துக்குப் போடுகிற வேலி. அப்படிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: அரசு கொடுக்கிற நிவாரணம் போதுமா? நிவாரணம் பெரிய உதவிதான். ஆனால் அது நஷ்ட ஈடு அல்ல, கைதூக்கி விடுகிற உதவி. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிகளில், முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய் என்று இருந்தது. 600 சதுர அடி வீடு என்று வையுங்கள். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மொத்தம் 12 லட்சம். நிவாரணம் அதில் பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்குக்கு என்ன வழி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: பிரீமியம் எவ்வளவு? இது வீட்டுக்கு வீடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே இரண்டு மூன்று கம்பெனிகளில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: 12 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வருஷம் 1,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், இருபது வருஷம் கட்டினாலும் 20,000 ரூபாய்தான். அது வீட்டு மதிப்பில் அறுபதில் ஒரு பங்கு. உங்களுக்குச் சொல்கிற தொகையை இதே போலக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபது வருஷமும் ஒன்றும் நடக்காவிட்டால் பணம் போயிற்றே என்று வருந்த வேண்டாம். ராத்திரி வயலுக்குப் போகும்போது டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போகிறோம். வழியில் பாம்பு வரவில்லை என்று வருத்தப்படுகிறோமா?

இந்த மூன்றுக்கும் விடை பார்த்த பிறகு எடுப்பது என்று முடிவு செய்தால், சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

எழுதும் தொகை நிலத்தின் விலை அல்ல. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும். ரோட்டோரம் என்பதால் மனை விலை ஏறியிருக்கலாம். பூமி ஆடினாலும் மனை எங்கேயும் போகாது. அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண். அதே சமயம் பரப்பளவையும் கட்டுமானச் செலவையும் குறைத்து எழுதாதீர்கள்; எழுதிய தொகையைப் பொறுத்துத்தான் பணம் வரும். கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் நூற்றுக்கு இருபது வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, தானாகவே சேர்ந்துவிடும். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலன், கூரைமேல் போட்ட சோலார் தகடு இவையும் வீட்டோடு சேர்ந்தவை. படிவத்தில் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

எதற்குக் கிடைக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பிற்பாடு மனஸ்தாபம் வேண்டாம். கரிசல் காட்டு விவசாயிகள் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வயலில் பாளம் பாளமாக வெடிப்பு விடுகிறதே, அதே வேலையை அது உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழேயும் செய்கிறது. அதனால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். "பூமி அதிர்ந்துதான் விரிசல் விட்டது" என்று மனு கொடுத்தால் வருகிற சர்வேயர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாளடைவில் வருகிற விரிசல், புதுக்கட்டடம் உட்காருவதால் வரும் வெடிப்பு, சரியில்லாத கட்டுமானம், கடல் அரிப்பு, ஆற்று அரிப்பு இவற்றுக்குப் பாலிசி கிடையாது. மலைப் பகுதியில் இருப்பவர்களுக்கு: நிலச்சரிவு சேரும், ஆனால் நீங்களே சரிவை வெட்டித் தோண்டியதால் மண் இறங்கினால் சேராது.

இன்னும் ஒன்று. பயிர் இன்ஷூரன்ஸ் வேறு, மாட்டு இன்ஷூரன்ஸ் வேறு, வீட்டு இன்ஷூரன்ஸ் வேறு. ஒன்றுக்குக் கட்டிவிட்டு இன்னொன்றுக்குக் கேட்க முடியாது. விற்பதற்காக வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நெல் மூட்டையை வீட்டுச் சாமான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள். வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் முதலில் வங்கியில் போய் விசாரியுங்கள். கடனோடு சேர்த்து ஒரு பாலிசி போட்டிருக்கலாம். அதன் நகலைக் கேட்டு வாங்கி, முழு வீட்டுக்குப் போட்டதா, கடன் தொகைக்கு மட்டும் போட்டதா என்று பாருங்கள். இருப்பது தெரியாமல் இரண்டாவது ஒன்று எடுக்க வேண்டாம்.

அடுத்து, பத்திரம், பட்டா விஷயம். தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் வீட்டு வரி, மகன் பெயரில் பாலிசி என்று இருந்தால், பணம் வாங்கும் நேரத்தில் பெரும் இழுபறி. அண்ணன் தம்பிக்குப் பொது வீடு என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பட்டா மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டவர்கள் இந்தச் சாக்கிலாவது முடித்துவிடுங்கள். கூரை வீட்டைக் காரை வீடு என்று எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதியவருக்குத்தான் பணம் ஒழுங்காக வரும்.

பாலிசி எடுத்த அன்றே வீட்டின் நாலு பக்கத்தையும், உள்ளே இருக்கிற சாமான்களையும் செல்போனில் படம் எடுங்கள். பாலிசியையும் வரி ரசீதையும்கூட படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற மகளுக்கோ மச்சானுக்கோ அனுப்பி வையுங்கள். பீரோவில் பத்திரமாக வைத்தேன் என்று சொல்வோம். பீரோவே இடிபாட்டுக்குள் போய்விட்டால்?

ஆபத்து வந்துவிட்டால் முதலில் ஆட்களைக் காப்பாற்றுங்கள். பிறகு கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். இடிந்ததை அப்படியே படம் எடுத்துவிட்டு, சர்வேயர் வந்து பார்க்கும்வரை, ஆபத்தானதைத் தவிர மற்றதை அகற்றாமல் வையுங்கள். கோரிக்கைப் படிவத்தை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தீர்ப்பு நியாயமாக இல்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் முறையிடக் கட்டணம் கிடையாது.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டில் இருப்பவர் கட்டடத்துக்கு எடுக்க வேண்டாம். சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். வட்டிக்கு வாங்கிப் பிரீமியம் கட்ட நினைப்பவர், முதலில் அந்த வட்டிக் கடனை அடைக்கட்டும். சொந்த உழைப்பில், சொற்பச் செலவில் பத்து நாளில் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூடிய கீற்றுக் கொட்டகைக்கு அவசரம் இல்லை. ஆனால் அவர்களும் ஒன்று செய்யலாம். வங்கிக் கணக்கு வைத்திருக்கிற 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்குப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். இயற்கைச் சீற்றத்தில் இறந்தாலும் பொருந்தும். வீட்டைத் தாங்குகிற ஆளுக்கு முதலில் இதைச் செய்துவிட்டுப் பிறகு வீட்டை யோசிக்கலாம்.

கடன் வாங்கியும் வியர்வை சிந்தியும் ஓட்டு வீடோ காரை வீடோ கட்டியிருக்கிற மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான். பூகம்பத்தை மட்டும் நினைத்து இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டாம். பூகம்பம் வராது என்று நினைத்து எடுக்காமலும் இருக்க வேண்டாம். சுவரைப் பலப்படுத்துங்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் தீக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுத்தால் பூகம்பமும் அதற்குள் வந்துவிடும். இந்தப் போக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், உரக்கடை பாக்கியைத் தீர்க்கப் போகிற அன்றே, டவுனில் இருக்கிற ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கும் போய் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பதற்குப் பணம் இல்லை. வீட்டில் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வணக்கம்.